வைட்டமின் டி மாத்திரையைத் தினமும் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கீமோதெரபி நடக்கிறது. வைட்டமின் டி குறைவாக இருப்பதால் வாரம் ஒரு முறை 60,000 அலகு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். அது புற்றுநோயையே அழிக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். தினமும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்; வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்.

உறவினர் சொன்னது முழுக்கக் கற்பனையும் அல்ல. வைட்டமின் டி கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து கால்சிட்ரியால் என்னும் ஹார்மோனாகிறது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் ரத்தப் புற்றுச் செல்களை அதில் வளர்த்தபோது, வரம்பின்றிப் பெருகிவந்த அந்தச் செல்கள் முதிர்ந்த செல்களின் இயல்பைப் பெற்றன. ஆனால் ஆய்வகத்தில் பலன் தரும் அந்த அளவை மனித உடலில் எட்ட முயன்றால், ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடுகிறது. மாத்திரையைக் கூட்டினாலும் கால்சிட்ரியால் அதே விகிதத்தில் கூடாது. சிறுநீரகம் அதன் உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மிஞ்சுவது கால்சியத் தொல்லை மட்டுமே.

கால்சிட்ரியாலையே நேரடியாகத் தந்தும் பார்த்திருக்கிறார்கள். முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் டோசிடாக்செல் என்னும் கீமோ மருந்துடன் அதை அதிக அளவில் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு, அந்தப் பிரிவில் இறப்புகள் கூடியதால் 2007இல் நிறுத்தப்பட்டது. இரு பிரிவுகளிலும் டோசிடாக்செல் கொடுத்த கால இடைவெளி ஒன்றாக இல்லாததால், பழி முழுவதையும் கால்சிட்ரியால் மீது போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால்சியத்தை அவ்வளவாக ஏற்றாதபடி கால்சிட்ரியாலின் அமைப்பை மாற்றி உருவாக்கிய சேர்மங்களும் உள்ளன: கால்சிபோட்ரியால் சொரியாசிஸ் களிம்பாகவும், பாரிகால்சிட்டால் சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகின்றன. பாரிகால்சிட்டாலைக் கணையப் புற்றுநோயில் சோதித்து வருகிறார்கள்.

உங்கள் அம்மாவின் நிலைக்கு நெருக்கமானது ஜப்பானில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு. செரிமானப் பாதைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 417 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் டி தரப்பட்டது. ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் அந்தப் பிரிவில் 77 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 69 சதவீதம். கேட்க நன்றாக இருந்தாலும், தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடுதான் அது என்பது புள்ளியியலின் தீர்ப்பு.

ஆகவே எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய குறைபாட்டை மட்டும் சரிசெய்யுங்கள். மருத்துவர் சொன்ன வாரங்கள் முடிந்ததும் மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று கேளுங்கள்; தனியாகக் கால்சியம் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் கீமோவின் விளைவு என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல், அன்றே புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவித்து ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.