மாஸ்க்கா, டியூபா? கையெழுத்துப் போடலாமா?

தம்பி, மூத்திரக் கிருமி ரத்தத்துல கலந்து அப்பாவுக்கு நுரையீரல் பாதிச்சிருக்கு, ரெண்டு நாளா பைபாப் மாஸ்க் (முகத்துல மாட்டி அழுத்தத்தோட காத்து கொடுக்கறது), இப்ப மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும்ங்கறாங்க, "டியூப் போட்டா ஆள் திரும்ப மாட்டாரு"ன்னு கொருக்குப்பேட்டை சொந்தக்காரங்க தடுக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் ஐசியூ நர்ஸ். டாக்டர் சொன்னா தள்ளிப்போடாம கையெழுத்துப் போடுங்க.

சிஓபிடிங்கற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கும், இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தாலும் அந்த மாஸ்க் உயிரையே காப்பாத்தும். அப்பாவுக்கு வந்திருக்கற மாதிரி கிருமி ரத்தத்துல பரவற செப்சிஸ்ல கதை வேற, நுரையீரலே புண்ணாகிக் கிடக்கு. மாஸ்க்கோட அவர் பலமா இழுக்கற ஒவ்வொரு மூச்சும் அதை இன்னும் கெடுக்கலாம். பக்கத்துல நின்னு பாருங்க: கழுத்துத் தசை புடைக்குதா, விலா இடுக்கு உள்வாங்குதா, பேச்சு துண்டு துண்டா வருதா? அப்படின்னா களைச்சுட்டாருன்னு அர்த்தம். பிஎஃப் ரேஷியோ (கொடுக்கற ஆக்சிஜன்ல எவ்வளவு ரத்தத்துக்குப் போகுதுன்னு காட்டற அளவு, குறைஞ்சா மோசம்) 150க்குக் கீழ போனவங்கள்ல, மாஸ்க்லயே வெச்சிருந்தவங்களுக்கு இறப்பு அதிகமா இருந்ததுன்னு 2017ல வந்த லங் சேஃப் ஆய்வு சொல்லுது. சொந்தக்காரங்க டியூபுக்குப் பயப்படறது புரியுது, ஆனா ஆபத்து நோய்லதான் இருக்கு.

டியூப் இருந்தா, புண்ணான நுரையீரலை வருத்தாம, உயரத்துக்கேத்த எடையில கிலோவுக்கு 6 மில்லி கணக்குல சின்னச் சின்ன மூச்சா கொடுக்கலாம், தேவைப்பட்டா தினம் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கலாம்.

இன்னொண்ணு, இதை இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க: கிருமி மூத்திரத்துல இருந்து வந்ததால, சிறுநீர்க் குழாய்ல கல் அடைச்சிருக்கான்னு ஸ்கேன் பார்த்தாச்சா, எந்தக் கிருமின்னு காட்டற கல்ச்சர் ரிப்போர்ட் வந்துச்சா?