வீட்டு விளையில் (தோட்டத்தில்) அபூர்வ மரங்கள்: கேள்வி பதில்

குலசேகரம்: அண்ணாச்சி, மங்குஸ்தானுக்கு ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா?

இடமிருந்தால் விதைக்கன்று. மங்குஸ்தானில் மகரந்தம் சேராமலே காயும் விதையும் உண்டாகும். கன்று தாய்மரம் போலவே வரும். காய்க்க 7, 8 வருடமாவது ஆகும். முதல் சில வருடம் நிழல் வேண்டும், வாழைக்கு நடுவில் வையுங்கள். வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். ஆணிவேர் சுருண்டிருந்தால் அந்தக் கன்று வேண்டவே வேண்டாம்.

மார்த்தாண்டம்: ஜாதிக்காய் மரம் பூக்கிறது, காய்க்கவில்லை. என்ன உரம் போட?

உரம் தீர்க்காது. ஆண் மரமாக இருக்கும். ஒரு பூவைக் கிழித்துப் பாருங்கள்: நடுவில் மெல்லிய தண்டாக மகரந்தம் இருந்தால் ஆண், திரண்ட பிஞ்சு இருந்தால் பெண். விதைக்கன்று பூக்கும்வரை இது தெரியாது, ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும். அதனால் ஜாதிக்குப் பெண் மரத்து ஒட்டுதான் வாங்க வேண்டும். அதுவும் நேராக மேலே போகும் கொம்பில் எடுத்த ஒட்டு; பக்கக் கொம்பில் எடுத்தது புதராகப் படரும்.

மணக்குடி: கடலோர வீட்டில் மங்குஸ்தான் வருமா?

உப்புக்காற்றில் வராது. புன்னை வையுங்கள்.

திருவட்டாறு: அங்கே விதை, இங்கே ஒட்டு என்கிறீர்கள். எதற்கும் ஒட்டுதானே மேல்?

இல்லை தம்பி. ஆண், பெண் பிரச்சினை உள்ள மரத்துக்கு ஒட்டு அவசியம். ரம்புட்டானும் அப்படித்தான். மங்குஸ்தானில் அந்தப் பிரச்சினையே இல்லை.

மீண்டும் திருவட்டாறு: பக்கத்து வீட்டு ஒட்டு மங்குஸ்தான் 5 வருடத்தில் காய்த்ததே!

காய்த்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஒட்டு சீக்கிரம் காய்க்கும். ஆனால் மரம் குட்டையாக நிற்கும், ஒரு மரத்துக் காயும் குறைவு. 5 சென்ட் வீடென்றால் ஒட்டே வையுங்கள். விளை உள்ளவரிடமும் அதையே விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அருமனை: மங்குஸ்தான் காய்க்க எத்தனை வருடம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: வாசலில் நாகலிங்கம் வைக்கலாமா?

வேண்டாம். காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனமாக விழும். ஆள் நடமாடாத மூலை இருந்தால் மட்டும் வையுங்கள்.

தக்கலை: தென்னை ஓலை மஞ்சளாகிறது.

நேரில் பார்க்காமல் சொல்லக்கூடாது. வேளாண் அலுவலகத்தில் காட்டுங்கள்.

குலசேகரம்: அண்ணாச்சி, கன்று வாங்கிவிட்டேன். வேர் கொஞ்சம்தான் வளைந்திருக்கிறது.

திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கன்று கேளுங்கள். வேர் நேராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.