விசில் கயிறு

வணக்கம் அக்கா,

இருபது வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறேன். அலுவலகத்தில் அறுபதைத் தொட்ட அமெரிக்கர்கள் பலரும் பள்ளி நாட்களில் கோடை வேலை பார்த்த கதையைச் சொல்வார்கள். இப்போது அந்த வயதுப் பிள்ளைகளைக் கடைகளில் பார்ப்பதே குறைந்துவிட்டது. இந்தத் தலைமுறை சோம்பேறியாகிவிட்டதா? என் மகளுக்கு 16 வயது. இந்தக் கோடையில் வேலைக்கு விடலாமா, கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கான வகுப்பில் சேர்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நானும் சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தச் ‘சோம்பேறி’யைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

அமெரிக்க அரசின் தொழிலாளர் கணக்கைப் பாருங்கள். 1978 ஜூலையில் 16 முதல் 19 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 72 பேர் வேலையில் இருந்தார்கள், அல்லது வேலை தேடினார்கள். 2016 ஜூலையில் அது 43. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டுதான் எல்லோரும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். அடுத்த கணக்கையும் பாருங்கள். 1985 ஜூலையில், அதாவது கோடை விடுமுறையிலும், இதே வயதில் படிப்பில் சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 10 பேர். 2016 ஜூலையில் 42. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெரிகிறதா? வகுப்புக்கு. அனுப்பியது யார்? நாம்தான். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் தொண்டும் அந்தக் கணக்கில் வேலையாகச் சேராது. நாள் முழுக்க ஓட விட்டுவிட்டு, ஓடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்றால் எப்படி?

2008க்குப் பிறகு வந்த வேலைப் பஞ்சம், ஆகஸ்டிலேயே திறந்துவிடும் பள்ளிகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அவை இருக்கட்டும்.

என் மகள் 16 வயதில் ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அனுப்பினேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இடி கேட்டதும் விசில் ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா வயதுள்ள ஒருவர், மழையே இல்லையே என்று தண்ணீரிலேயே நின்றிருக்கிறார். மறுபடி ஊதியிருக்கிறாள். மூன்றாம் முறை உதடு நடுங்கியதாம். ஆனால் ஊதிவிட்டாள், அவரும் ஏறிவிட்டார். “அம்மா, நான் சொல்லி ஒரு பெரியவர் கேட்டாரும்மா” என்றாள். வெயிலில் கறுத்திருந்த கழுத்தில், விசில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்த கோடாக இருந்தது.

வீட்டில் நாம், பள்ளியில் ஆசிரியர், வகுப்பில் டியூட்டர். பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்கள் எல்லோரும் அவளைக் கவனிக்க வந்தவர்கள். அவளை நம்பி நிற்கும் பெரியவர் ஒருவராவது உண்டா? அவள் வராவிட்டால் இன்று குளத்தைத் திறக்க முடியாது என்று சொல்ல ஓர் ஆள்? எந்த வகுப்பில் எவ்வளவு பணம் கட்டினாலும் இது கிடைக்காது.

இவ்வளவு பேசுகிற நான், அடுத்த கோடையில் அவளைக் குளத்துக்கு விடவில்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று பணம் கட்டி ஒரு கோடை முகாமுக்கு அனுப்பினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விசிலைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தாள். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 16 வயதாகிவிட்டதால் மத்திய சட்டத்தில் வேலை நேரத்துக்கு வரம்பில்லை; மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.ஏ.டி.க்கு மாலையிலும் படிக்கலாம். ஆனால் தம்பி, கடிதம் முழுக்கத் தேடினேன், அவளுக்கு என்ன ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. கோடை வேலைக்குப் பல இடங்களில் வசந்த காலத்திலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போதே அவளிடம் கேளுங்கள்.