பிழையா, மாற்றமா? ஹீமோகுளோபின் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரபணு குறித்து இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, இரத்தசோகை, சொந்தத்தில் திருமணம், பறவைகளின் பரிணாமம் எனத் தொடர்பற்றவைபோலத் தோன்றிய கேள்விகள் பலவும் ஒரே புரதத்தைச் சுற்றி வருவதைக் கண்டேன். எனவே மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் அந்த ஹீமோகுளோபினை ஒட்டிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவிக்கு அரிவாள் அணு இரத்தசோகை இருக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் இது வருகிறது என்கிறார்கள். ஓர் எழுத்துக்கு இவ்வளவு வலிமையா?

பதில்: எழுத்து மாறுவதில் வலிமை இல்லை, அது மாறும் இடத்தில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது: புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் 141 கொண்ட ஆல்பா சங்கிலிகள் இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டு. பீட்டா சங்கிலிக்குரிய மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஆறாம் அமினோ அமிலத்தைக் குறிக்கும் ‘ஜிஏஜி’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ‘ஜிடிஜி’ என்று மாறினால், குளூட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வேலின் வந்து அமர்கிறது. அதே சொல்லின் கடைசி எழுத்து மாறி ‘ஜிஏஏ’ ஆகியிருந்தால் ஒன்றுமே நேர்ந்திராது, ஏனெனில் அதுவும் குளூட்டாமிக் அமிலத்தையே குறிக்கும்.

குளூட்டாமிக் அமிலம் மின்னூட்டம் பெற்றது, தண்ணீரோடு ஒட்டி உறவாடுவது. வேலினோ எண்ணெய்போலத் தண்ணீரை விலக்குவது. ஆறாம் இடம் புரதத்தின் வெளிப்பரப்பில் இருப்பதால், அங்கே துருத்தி நிற்கும் வேலின் ஒதுங்க ஓர் இடம் தேடுகிறது. ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டு வடிவம் மாறும் வேளையில், பக்கத்து மூலக்கூறில் அதற்குச் சரியாகப் பொருந்தும் ஒரு குழி திறக்கிறது. ஒன்று மற்றொன்றில் பொருந்த, அது இன்னொன்றில் பொருந்த, நீண்ட கம்பிகள் உருவாகிச் சிவப்பணுவை உள்ளிருந்து விறைக்கச் செய்து அரிவாள்போல் வளைக்கின்றன. தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் மடங்கி நெளிந்து செல்லவேண்டிய அணு, விறைத்துப்போய் வழியை அடைக்கிறது. அதுதான் அந்தப் பிள்ளை அனுபவிக்கும் வலி. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் சிதைவதால் இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டி, இதை ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தார்கள். 1956-இல் வெர்னான் இங்ரம் மாற்றம் புரதத்தின் எந்தத் துண்டில் இருக்கிறது என்று காட்டி, அடுத்த ஆண்டே மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்று கண்டறிந்தார். அதே ஆறாம் இடத்தில் வேலினுக்குப் பதிலாக லைசின் வந்தால் மிகவும் இலேசான நிலையே ஏற்படுகிறது. ஹீமோகுளோபினில் இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன; அவற்றுள் பெரும்பாலானவை தம்மைச் சுமப்பவருக்குத் தெரியாமலேயே இருந்துவிடுகின்றன.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி வகுப்பின் நடுவிலும் தண்ணீர் குடிக்கவும், கழிப்பறைக்குச் செல்லவும் தடை கூடாது. உங்கள் ஊர்க் குளிர் அவளுக்கு வலியைத் தூண்டக்கூடியது. காலை வழிபாட்டுக்கு ஈரக்காற்றில் நிற்கவைக்காதீர்கள், மூச்சிரைக்க ஓடச்சொல்லாதீர்கள். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் மாலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: இவ்வளவு துன்பம் தரும் மரபணுவை இயற்கைத் தேர்வு ஏன் இத்தனை காலமாக விட்டுவைத்திருக்கிறது?

பதில்: ஒரு பிரதியாக மட்டும் அதைச் சுமப்பவரை அது காப்பாற்றுவதால். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குப் பீட்டா மரபணு இரண்டு உண்டு. இரண்டும் மாறியிருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் மாறியிருப்பவரை, மருத்துவமனைகளில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டால், ‘கேரியர்’ என்கிறோம். அவருக்குப் பொதுவாக நோய் இல்லை. ஆனால் உயிரைப் பறிக்கும் கடுமையான ஃபால்சிபரம் மலேரியா அவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் குறைகிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு எளிதில் வளைந்து மண்ணீரலில் வடிகட்டப்படுவதும், ஆக்சிஜன் குறைந்த அணுவில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி தடைப்படுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை மத்தியதரைக் கடற்பகுதியில் மிகுந்திருப்பதற்கு மலேரியா காரணமாக இருக்கலாம் என்று மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949-இலேயே ஊகித்தார். (பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர் இதே ஹால்டேன்தான்.) அரிவாள் அணுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கள ஆய்வு செய்து 1954-இல் காட்டியவர் ஆந்தனி அலிசன். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1952-இல், லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுவைக் கண்டு எழுதியிருந்தார்கள். இந்தியாவில் இந்நிலை முதலில் பதிவானது நம் மலைகளில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இயற்கையின் பேரம் விளங்கும். ஒரு மக்கள்கூட்டத்தில் இந்த மரபணுவின் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 100 பேரில் ஒருவருக்கு நோய் இருக்கும், 18 பேர் கேரியராக இருப்பார்கள். மலேரியா ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொண்டுபோகும் ஊரில், 18 பேருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒருவரின் இழப்பைவிடக் கனமானதாக இருந்தது. கொசு ஒழிந்த ஊரில் அந்தப் பாதுகாப்புக்குப் பயன் இல்லை, இழப்பு மட்டும் நீடிக்கிறது. மரபணுவின் பெரும்பகுதி நோயற்ற கேரியர்களிடம் இருப்பதால் அது குறையப் பல தலைமுறைகள் ஆகும். இதனால்தான் இதைப் ‘பிழை’ என்று சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம்.

கேள்வி: எனக்கு வயது 28. பல ஆண்டுகளாக ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை. அடுத்த ஆண்டு திருமணம்.

பதில்: கடிதத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது, ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லலாம். உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி என்ற எண்ணைப் பாருங்கள்; அது சிவப்பணுவின் பருமன். அது 80-க்கு நன்கு கீழே இருந்து, சிவப்பணுக்களின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் அல்லது கூடுதலாக இருந்தால், தலசீமியா மைனராக, அதாவது ஒரு பிரதி மட்டும் மாறிய நிலையாக, இருக்கக்கூடும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும், ஹீமோகுளோபினில் சிறு பங்காக உள்ள ஏ2 என்னும் வகையின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீங்கள் பீட்டா தலசீமியா கேரியர். இரும்புக் குறை உண்மையாகவே இருந்தால் ஏ2 அளவு குறைந்துகாட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அரிவாள் அணுவில் புரதத்தின் தன்மை மாறுகிறது. தலசீமியாவில் அதன் அளவு குறைகிறது. பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்கள் 200-க்கும் மேல் தெரியவந்துள்ளன. இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் மாற்றம், புரதத்துக்குரிய எழுத்துகளில் எதையும் தொடுவதில்லை என்பது வியப்பானது. மரபணுவின் நகலில் வெட்டி நீக்கவேண்டிய இன்ட்ரான் என்னும் பகுதியின் தொடக்கத்தில், ஐந்தாம் எழுத்து மாறியிருக்கும். வெட்டும் இடத்தின் அடையாளம் மங்கிப்போக, நகல்களில் பெரும்பகுதி தவறாக வெட்டப்பட்டு வீணாகிறது. இதில் இரும்பு குறையவே இல்லையாதலால், இரும்பு மாத்திரையால் ஆவதொன்றும் இல்லை.

கேரியர் என்று உறுதியானால் உங்கள் உடல்நலத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. வருங்கால கணவருக்கும் இதே பரிசோதனை செய்துவிடுங்கள். இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் மாறிய, கடுமையான தலசீமியா மேஜர் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படியே இருந்தாலும் திருமணத்தை நிறுத்தவேண்டிய கட்டாயம் இல்லை, கருவின் தொடக்கத்திலேயே சோதித்தறிய வழி இருக்கிறது. சைப்பிரஸ் தீவில் ஏழு பேருக்கு ஒருவர் கேரியர். அங்கே 1970-களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தால், தலசீமியா மேஜரோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

கேள்வி: என் இரு மகன்களுக்கும் ஒரே பீட்டா மாற்றங்கள்தான் என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. மூத்தவனுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம், இளையவனுக்கு எப்போதாவதுதான். அறிக்கை தவறா?

பதில்: தவறாக இருக்கவேண்டியதில்லை. தலசீமியாவில் அணுவைக் கெடுப்பது பீட்டா சங்கிலியின் பற்றாக்குறையைவிட, துணையின்றி மிஞ்சிப்போகும் ஆல்பா சங்கிலிகளே. ஆல்பா மரபணுக்கள் நமக்கு நான்கு. அவை 16-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. இளையவன் அவற்றில் ஒன்றோ இரண்டோ குறைவாகப் பெற்றிருந்தால், மிச்சம் குறைந்து நோயின் கடுமையும் குறையும். கருவில் சுரக்கும் ஹீமோகுளோபின் எஃப் அவனிடம் கூடுதலாக நீடித்தாலும் இதே பலன். இவ்விரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாய்மாமனை மணந்தால் பிள்ளைகளுக்குக் குறை வரும் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அப்படித்தான், எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

பதில்: நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் ஒரு குடும்பத்தின் அனுபவம் கணக்கை மாற்றாது. அத்தை மகன், மாமன் மகள் மணம் செய்தால், பிள்ளையின் மரபணுக்களில் 16-இல் ஒரு பங்கு ஒரே மூதாதையரிடமிருந்து இருவழியாகவும் வந்து ஒன்றுபோல் இருக்கும் என எதிர்பார்க்கலாம். தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் 8-இல் ஒரு பங்கு. மறைந்திருக்கும் அரிய மாற்றம் ஏதேனும் குடும்பத்தில் இருந்தால், அது இரட்டையாகச் சேரும் வாய்ப்பு அவ்வளவுக்குக் கூடுகிறது. அத்தகைய மாற்றம் இல்லாத குடும்பத்தில் ஒன்றும் நேராது, உங்கள் குடும்பம் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

சொந்தத்தை விலக்கிவிட்டோம், எனவே கவலையில்லை என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். 2017-இல் ஹைதராபாத் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81, சிறு எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. தமக்குள்ளேயே பல நூற்றாண்டு மணந்துவந்த சமூகத்தில், உறவே இல்லாத இருவரும் மரபணுவால் உறவினராக இருக்கக்கூடும். அந்த ஆய்வு எடுத்துக்காட்டிய வைசியச் சமூகத்தில், சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு மற்றவர்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுதி. அந்தக் குறைபாடு உள்ளவர் வாழ்நாள் முழுவதும் நலமாக இருப்பார், அறுவைசிகிச்சை மேசையில் அந்த மருந்து ஏறினால்தான் மூச்சு திரும்ப மணிக்கணக்கில் தாமதமாகும். மயக்க மருத்துவர் குடும்ப வரலாற்றைத் துருவிக் கேட்டால் எரிச்சல் அடையாதீர்கள்.

கேள்வி: கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறதாமே! அதன் இரத்தம் வேறா? (திருநெல்வேலிக் கல்லூரி மாணவர்)

பதில்: சிறிதளவே வேறு, அந்தச் சிறிதளவுதான் சுவையானது. இதன் ஆல்பா சங்கிலியில் 119-ஆம் இடத்தில், நெருங்கிய உறவான மற்ற வாத்துகளுக்கு இருக்கும் புரோலின் நீங்கி அலனின் வந்திருக்கிறது. ஆல்பாவும் பீட்டாவும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. அந்தப் பிடி தளர்ந்ததால் ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை எளிதில் பற்றிக்கொள்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழும் வாத்தினமும் உயரத்துக்குப் பழகியதுதான். அதற்கு மாறியிருப்பது பீட்டாவின் 55-ஆம் இடம், அதாவது அதே தொடுகையின் மறுபக்கம்! நெருங்கிய உறவற்ற இரு பறவைகள் ஒரே பூட்டை இரு பக்கங்களிலிருந்து திறந்திருக்கின்றன. 1991-இல் இந்த இரு மாற்றங்களையும் மனித ஹீமோகுளோபினில் தனித்தனியே புகுத்திப் பார்த்தபோது, அதுவும் ஆக்சிஜனை இறுகப் பற்றியது. வரித்தலை வாத்தின் திறமைக்கு இது ஒன்றே காரணமன்று. வேறு சில மாற்றங்களும் பெரிய நுரையீரலும் துணைநிற்கின்றன.

ஆல்பா, பீட்டா இரண்டுமே 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரே மரபணு இரட்டித்துப் பிரிந்ததில் பிறந்தவை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றொன்றுக்கு மாறிப்பார்க்கச் சுதந்திரம் கிடைத்தது.

கேள்வி: மரபணுவைத் திருத்தி அரிவாள் அணு நோயைக் குணப்படுத்திவிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஆனால் மாறிய எழுத்தை அவர்கள் திருத்தவில்லை. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்னும் சங்கிலியைப் பயன்படுத்துகிறோம். பிறந்த சில மாதங்களில் அது அடங்கிப் பீட்டா பொறுப்பேற்கிறது. இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் துன்பமின்றி இருப்பது இதனால்தான் என்று 1948-இலேயே ஜேனட் வாட்சன் சுட்டிக்காட்டினார். காமாவை அடக்கும் புரதம் பிசிஎல்11ஏ. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி சிகிச்சையில், நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, பிசிஎல்11ஏ மரபணுவை இரத்த அணுக்களில் இயக்கும் சிறு பகுதியைக் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டுக்கருவி கொண்டு வெட்டித் திரும்பச் செலுத்துகிறார்கள். உறங்கிய காமா விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். மேலும், பழைய மஜ்ஜையை வேதிமருந்தால் அழித்துவிட்டுத்தான் திருத்திய அணுக்களைச் செலுத்த முடியும். நம் நாட்டு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இன்றைக்கு எட்டக்கூடியது, ஓரளவு அதே காமாவைத் தூண்டும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை. விலை குறைந்த அந்த மாத்திரை தேவைப்படுவோர் எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைக்கச் செய்வதே முதல் வேலை என்பது என் கருத்து.

கேள்வி: இரத்தம் ஏற்றிக்கொண்டால் கொடுத்தவரின் மரபணு நமக்கு வந்துவிடுமா?

பதில்: வராது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, எனவே பீட்டா மரபணுவும் அதில் இல்லை. ஏறிய அணுக்கள் சில மாதங்களுக்குள் அழிந்துபோகும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேறு: அதன்பின் ஒருவருடைய இரத்த அணுக்கள் கொடையாளரின் மரபணுவையே சுமக்கும். ஆனால் அவருடைய விந்தணுவோ சினைமுட்டையோ மாறுவதில்லை. மாற்றுச் சிகிச்சையால் தலசீமியாவிலிருந்து முழுமையாகக் குணமான ஒருவர், தம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பழைய பீட்டா மாற்றத்தையே கொடுப்பார். ஆகவே அவருடைய துணைவரும் மணத்துக்கு முன் ஏ2 பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.