இந்தோனேசியாவால் முடிந்தது, நம்மால் ஏன் முடியவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு ஓசூர். கம்பெனி வேலையாக இரண்டு வருடம் ஜகார்த்தாவில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களில் ஜாவாக்காரர்கள், சுந்தா மொழிக்காரர்கள், சுமத்ராவிலிருந்து வந்தவர்கள், சுலாவெசிக்காரர்கள் என்று எல்லாரும் உண்டு. வீட்டில் ஆளுக்கொரு மொழி. ஆபீசில், கடையில், பஸ்ஸில், டிவியில் எல்லாருக்கும் ஒரே மொழி, பஹாசா இந்தோனேசியா. அதில் யாருக்கும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. 700 மொழிகளுக்கு மேல் பேசுகிற நாடு அது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? நம் தேசிய மொழியான ஹிந்தியைப் படிக்காமல் விட்டது தவறு என்றே இப்போது தோன்றுகிறது. ஆங்கிலமும் அந்நிய மொழிதானே, அதைச் சுமக்கத் தயாராக இருக்கிற நமக்கு ஹிந்தி மட்டும் ஏன் கசக்கிறது?

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளை ஹிந்தி டியூஷனில் சேர்க்கலாம் என்று சொன்னதிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் 1965இல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர், ஹிந்தி எதிர்ப்பு ஊர்வலம் போனவர். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

முதலில் அப்பாவிடம் போய்ப் பேசுங்கள். 1965 ஜனவரியில் என்ன நடந்தது, எந்த ஊரில் ஊர்வலம் போனார், கூட யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார். அந்தத் தலைமுறையிடம் நாம் கேட்காமல் விட்டது நிறைய.

ஒரு தகவல் பிழையைத் திருத்திவிட்டு மேலே போகிறேன். ஹிந்தி நம் தேசிய மொழி இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தில் 'தேசிய மொழி' என்ற ஒன்று எந்த மொழிக்கும் தரப்படவில்லை. 343ஆவது பிரிவு சொல்வது ஒன்றிய அரசின் அலுவல் மொழி தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் ஹிந்தி என்பதை மட்டும்தான். 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் கூடவே நடக்கும் என்றார்கள். அந்த 15 ஆண்டு முடிகிற நாள் 1965 ஜனவரி 26. உங்கள் அப்பா தெருவில் இறங்கியது அந்தத் தேதியை முன்னிட்டுத்தான். 1963இல் கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் இருந்தது, 'தொடரும்' என்று இல்லை. அண்ணா மாநிலங்களவையில் இந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். 'லாம்' என்ற இரண்டு எழுத்துக்கு இவ்வளவு கலவரமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசாங்கத்திடம் மனு கொடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், 'வழங்கலாம்' என்பதற்கும் 'வழங்கப்படும்' என்பதற்கும் நடுவில் ஒரு ஆயுளே போய்விடும். 1967இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டுச் சொன்னால் ஒழிய, அதற்குப் பிறகு நாடாளுமன்றமும் அப்படியே தீர்மானித்தால் ஒழிய, ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. நாம் இன்று நிம்மதியாக உட்கார்ந்து இதைப் பேசுவது அந்தத் திருத்தத்தின் நிழலில்.

சரி, இந்தோனேசியாவுக்கு வருகிறேன். நீங்கள் நல்ல உதாரணத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். நான் இதைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நாட்டில் ஐந்தில் இரண்டு பேர் ஜாவா இனத்தவர். இந்தப் பேச்சு தொடங்கிய காலத்தில் அவர்கள் பங்கு இன்னும் அதிகம். நூற்றாண்டுகள் பழைய இலக்கியம், தனி எழுத்து, அரசவை மரபு எல்லாம் ஜாவா மொழிக்கு உண்டு. எண்ணிக்கையை வைத்துத் தேசிய மொழி என்றால் ஜாவா மொழியைத்தான் வைத்திருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது மலாய், அதுதான் பின்னால் இந்தோனேசிய மொழி என்று பெயர் பெற்றது. அதை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் அன்று ஒரு சிறு பகுதியினர்தான். துறைமுகத்திலும் சந்தையிலும் பல ஊர்க்காரர்கள் விலை பேசிப் பேசி வளர்த்த மொழி அது. அந்த நாட்டை ஆண்ட டச்சுக்காரர்களும் உள்ளூர் நிர்வாகத்துக்கு அதைத்தான் வைத்துக்கொண்டார்கள், தங்கள் மொழியைப் பரவலாகச் சொல்லித் தரவில்லை. ஆக, மலாய் யாருடைய சொத்தாகவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் ஜாவா மொழியில் ஒரு சிக்கல் உண்டு. எதிரே நிற்பவர் உங்களுக்கு மேலா கீழா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. நாம் நீ, நீங்கள் என்று மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே சாதாரணச் சொற்களே மாறும். நண்பன் சாப்பிட்டால் 'மங்ஙான்', பெரியவர் சாப்பிட்டால் 'தஹார்', மரியாதையான இடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'நெதா'. வீடு என்ற சொல்லுக்கும் இதே போல மூன்று. சுதந்திரம் கேட்டுப் போராட வந்த இளைஞர்களுக்கு எல்லாரும் சமமாக நின்று பேசக்கூடிய ஒரு மொழி வேண்டியிருந்தது. மலாய் அதற்கு வசதியாக இருந்தது.

1928 அக்டோபர் 28, அன்றைய பட்டாவியாவில், அதாவது நீங்கள் இருந்த அதே ஜகார்த்தாவில், இளைஞர் மாநாடு கூடி ஒரு உறுதிமொழி எடுத்தது. வரைந்தவர் முகம்மது யாமின், சுமத்ராக்காரர். மூன்று வரி. முதல் வரியில் எங்கள் தாயகம் ஒன்று என்கிறார்கள். இரண்டாவதில் நாங்கள் ஓர் இனம் என்கிறார்கள். மூன்றாவது வரியில் எங்கள் மொழி ஒன்று என்றுதானே வரும் என்று எதிர்பார்ப்போம்? அப்படிச் சொல்லவில்லை. ஒற்றுமையின் மொழியான இந்தோனேசிய மொழியை உயர்த்திப் பிடிக்கிறோம் என்கிறார்கள். வீட்டு மொழிகளுக்கு அந்த வரியில் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஹிந்திக்காகச் சொல்லப்பட்ட முக்கியமான வாதம், அதிகம் பேர் பேசுகிறார்கள் என்பது. இந்தோனேசியா செய்ததற்கு இது நேர் எதிர். அங்கே பெரிய வீட்டுக்காரர் தன் மொழியைப் பொது மொழி ஆக்கு என்று கேட்காமல் விட்டுக்கொடுத்தார். ஜாவாக்காரரும் பள்ளிக்கூடம் போய்த்தான் அதைக் கற்றார், சுலாவெசிக்காரரும் பள்ளிக்கூடம் போய்த்தான் கற்றார். உழைப்பு இருவருக்கும் உண்டு. உங்கள் ஆபீசில் சண்டையில்லாமல் இருந்ததற்கு என் கணக்கில் இதுதான் பெரிய காரணம். நம்மிடம் கான்பூர் பையனுக்கு அது அம்மா பேசிய மொழி, கரூர் பையனுக்கு அது ஒரு பாடம். இருவரும் ஒரே வேலைக்கு, ஒரே நாளில், ஒரே தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஓட்டத்தைப் பாதியில் தொடங்குகிறார்?

அந்த 'அதிகம் பேர்' என்ற கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிந்தி 43.6 சதவீதம். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் போஜ்புரி இருக்கிறது, சுமார் 5 கோடிப் பேர். ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி எல்லாம் அதற்குள்தான். தாய்மொழி ஹிந்தி என்றே சொன்னவர்கள் 32 கோடி. மைதிலிக்காரர்கள் தங்கள் மொழியை அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்க 2003 வரை காத்திருந்தார்கள். ஆக, இந்த விஷயத்தில் நாம் மட்டும் முறைக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். போஜ்புரியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தை பள்ளியில் வாய் திறந்தால் அது கொச்சை என்று திருத்தப்படுகிறது. அந்தக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் நான் பேசுகிறேன்.

இந்தோனேசியக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. எட்டு வருடம் முன்பு நான் சுமத்ராவில் மேடான் போயிருந்தேன். அங்கே ஒரு மாரியம்மன் கோவில் உண்டு, 1884இல் கட்டியது. புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஆட்கள் எழுப்பியது. கோவில் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் வைத்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் முழுக்க ரோமன் எழுத்து. தமிழில் பேசினேன். புரிந்தது, பதில்தான் வரவில்லை. தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு இந்தோனேசியத்தில் சொன்னார். கூட வந்தவர் எனக்குச் சொன்னார், பெரியவரின் அப்பா தமிழ் பேசினாராம், இவர் கேட்பாராம், பிள்ளைகளுக்கு அதுவும் இல்லையாம். கிளம்பும்போது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே இருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதும் பக்கம் மூடவில்லை. அந்த விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவரை யாரும் அடித்து மாற்றவில்லை. பள்ளி, வேலை, டிவி எல்லாம் ஒரே மொழியில் இருந்தால் வீட்டு மொழி தானாக வற்றிவிடும். சில இடங்களில் அடித்தும் மாற்றினார்கள். 1966இல் சீன மொழிப் பள்ளிகளை மூடினார்கள், அதிபர் சுஹார்த்தோ பதவியை விட்டுப் போகும் வரை பொது இடத்தில் சீன எழுத்து எழுதவும் தடை இருந்தது. 1975இல் கிழக்குத் திமோருக்குள் படையோடு நுழைந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் இந்தோனேசியத்தை வைத்தார்கள். அங்குள்ள தேவாலயங்கள் வழிபாட்டைத் தேத்துன் என்ற உள்ளூர் மொழிக்கு மாற்றிக்கொண்டன. 2002இல் நாடு விடுதலை அடைந்தபோது தேத்துனும் போர்த்துகீசியமும்தான் ஆட்சிமொழி ஆயின. யாருக்கும் சொந்தமில்லாத, எளிய, சந்தையில் வளர்ந்த அதே மொழிதான். துப்பாக்கியோடு வந்ததும் மக்கள் அதைத் துப்பாக்கியாகவே பார்த்தார்கள். உருது திணிக்கப்பட்ட கிழக்கு வங்காளமும் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியான 1956க்குப் பிந்தைய இலங்கையும் உங்களுக்குத் தெரிந்த கதைகள், அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு நிஜமாகவே கஷ்டமான பகுதி ஆங்கிலம். கரூருக்கும் கான்பூருக்கும் அது ஒரே தூரத்தில் இருக்கிறது, அந்த அளவில் நியாயம். ஆனால் கரூருக்குள்ளேயே பணம் கட்டிப் படித்த பிள்ளைக்கும் கட்ட முடியாத பிள்ளைக்கும் அது ஒரே தூரத்தில் இல்லை. ஹிந்தியை எதிர்க்கிற நம்மில் பலர் இதைப் பேசாமல் கடந்துபோகிறோம், நானும் பல வருடம் அப்படிக் கடந்தவன்தான். இதற்கு ஆங்கிலத்தைத் தூக்கிவிட்டு ஹிந்தியை வைப்பது தீர்வாகாது. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் வெளி மொழிதான். அவள் மொழி மேலே ஏற வேண்டும். ஒன்றிய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை ஹிந்தி, ஆங்கிலம் தவிர 13 மொழிகளில் நடத்துவதாக 2023இல் அறிவித்தார்கள், தமிழும் அதில் ஒன்று. இவ்வளவு காலம் முடியாது என்று சொல்லப்பட்ட காரியம்! எல்லை காக்க ஆள் எடுப்பதையே பல மொழிகளில் செய்ய முடியுமானால் வேறு எதற்கு முடியாது? ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் ஹிந்திக்கு அனுமதி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஏற்கப்படவில்லை. தன் நிலத்தைப் பற்றி நடக்கிற வாதம் தனக்கே புரியாமல் கைகட்டி நிற்கிற விவசாயியை நான் அந்தத் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறேன். வக்கீல் வெளியே வந்ததும், "என்ன சாமி சொன்னாங்க?" என்று கேட்டார். ஒற்றுமை என்று பேசுகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

அப்புறம் மகள் விஷயம். தாராளமாக ஹிந்தி படிக்கட்டும். தமிழ்நாட்டில் யாரும் தடுப்பதில்லை, சென்னையில் ஹிந்தி பிரச்சார சபா 1918இல் காந்தி தொடங்கியது, இன்றும் நடக்கிறது, நம் பிள்ளைகள்தான் பரீட்சை எழுதுகிறார்கள். ஒருவர் ஆசைப்பட்டோ தேவைக்காகவோ படிப்பதும் சட்டம் போட்டுப் படிக்கவைப்பதும் வேறு வேறு. போன மாதம் திருப்பூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். ஒடிசாப் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், செல்போனில் மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டினான். கடைக்காரர் மாத்திரையை வெட்டிக் கொடுத்து, "ஏக் சுபா, ஏக் ராத்" என்றார். பையன், "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சரிண்ணா" என்றான். அவர் அவனுக்காக ஹிந்தியை எடுத்தார், அது அவன் மொழியும் இல்லை. அவன் அவருக்காகத் தமிழை எடுத்தான். வந்து நாலு மாசம்தான் ஆகிறதாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் இருப்பது ஓசூர். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழுகிற ஊர். பக்கத்து வீட்டுக் குழந்தை உங்கள் மகளோடு என்ன மொழியில் விளையாடுகிறது? அது கன்னடமோ தெலுங்கோ என்றால் டியூஷன் காசு இல்லாமலே இந்த விடுமுறைக்குள் ஒரு மொழி வந்துவிடும். ஹிந்தியை அதற்கப்புறம் ஆரம்பியுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அவர் ஊர்வலம் போன கதையையும்.

அன்புடன்.