என் மகனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோயா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 21 வயது. ஏழு மாதமாக வேலைக்குப் போவதில்லை, குளிப்பதுகூட இல்லை. இரண்டு மாதமாகத் தனியாகப் பேசுகிறான். ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டிவிட்டான். டீயில் விஷம் என்கிறான். நான் முதலில் குடித்துக் காட்டினால்தான் குடிப்பான். செய்வினை என்கிறார்கள். இது மனச்சிதைவு நோயா?

பதில்: அம்மா, கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பக்கம்தான் கை காட்டுகிறது. இந்த வாரமே அவனை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காதில் குரல் கேட்டுத் தனியாகப் பேசுவதும் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று நம்புவதும் எல்லார் கண்ணிலும் படும். அதற்கு முந்தைய மாதங்களில் அவன் ஒதுங்கியதை, குளிக்காமல் கிடந்ததைப் பலரும் சோம்பல் என்று திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நோய் அங்கேதான் தொடங்குகிறது. ஆண்களுக்கு அது தலைகாட்டுவதும் இந்த வயதை ஒட்டித்தான்.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதி செய்யாது. தைராய்டு, வலிப்பு, சியாபு (மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருள்), கஞ்சா போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவை. போதைப்பொருள் பழக்கம் உண்டா என்று கோபப்படாமல் கேளுங்கள். மற்றபடி, அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதமாவது நீடித்தனவா, எப்போது எது மாறியது என்பதை வைத்தே முடிவு செய்கிறோம். அதனால் ஜன்னலில் பேப்பர் ஒட்டியது எப்போது, வேலையை விட்டது எப்போது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

செய்வினை பற்றிக் கேட்டீர்கள். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர் பூசை முடிந்ததும் தெளிந்து, மறுநாள் வேலைக்குப் போகிறார். உங்கள் மகன் தெளியவில்லையே. வேண்டுதல் இருந்தால் செய்யுங்கள், ஆனால் அதற்காக டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் பயப்பட வேண்டாம். பலர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டு வேலைக்கும் போகிறார்கள். "உனக்குப் பைத்தியம், வா" என்றால் வர மாட்டான். "தூக்கமே இல்லையே, அதற்குக் காட்டலாம்" என்று கூப்பிடுங்கள். சாகப் போகிறேன் என்றாலோ, யாரையாவது தாக்க முனைந்தாலோ, உடனே அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

அதுவரை விஷம் இல்லை என்று அவனோடு வாதாடாதீர்கள். டீயை நீங்களே முதலில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுங்கள். இப்போதைக்கு அவன் வயிற்றில் ஏதாவது போக வேண்டும்.