ஒரே வட்டாரக் கலைஞர்கள் சேர்ந்து வேலை தேடினால் எல்லோருக்கும் வாய்ப்புக் கூடுமா?

கூடும். குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, விளம்பரத் தட்டி அடிப்பதில் இருந்து தொடங்க நினைத்திருப்பீர்கள். அது பிறகு ஆகட்டும். முதலில் தேதிகளைப் பகிர்ந்துகொள்ளப் பழகுங்கள்.

நான் மானாமதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசிக்கிறேன். எங்கள் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், நடனம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகள் வாசிப்பவர்) என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி கேட்டு, முன்பணம் கொடுத்து, ஓர் இரவுக்கு மட்டும் சேர்ப்பார்கள். மாசியில் இருந்து ஆடி வரைதான் எங்களுக்குப் பருவம். 2020 பங்குனியிலும் மறு ஆண்டு சித்திரையிலும் ஊரடங்கு வந்ததால், வாங்கிய முன்பணத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கடனோடு மீண்டும் மேடைக்கு வந்தபோது, ஒருவர் பேசிய சம்பளத்தை இன்னொருவர் குறைத்துக் கேட்டுத் தேதியைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்பது பேர் கூடி ஒரு பொது நோட்டுப் போட்டோம். யாருக்கு எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்பது அதில் இருக்கும். தனக்கு வந்த தேதியில் போக முடியாதவர், காலியாக இருப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது. பேசிய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. அந்த ஆனி மாதம் ஒரு முளைப்பாரித் திருவிழாவுக்கு என்னை அழைத்தார்கள். அன்று எனக்கு வேறு ஊரில் நாடகம் இருந்தது. நோட்டில் காலியாக இருந்த ஒரே ஆர்மோனியக்காரர், இரண்டு ஆண்டுகளாக நான் முகம் கொடுத்துப் பேசாதவர். ஒரு நாள் முழுக்கத் தயங்கிய பிறகே அவர் பெயரைச் சொன்னேன். பருவம் முடிந்து நான் வீட்டில் இருந்த புரட்டாசியில், அவர் தன் மாமனார் ஊர்க் கோயில் நாடகத்துக்கு என் பெயரைச் சொல்லி அனுப்பினார். அந்த ஊரில் இப்போது ஆண்டுதோறும் நான்தான் வாசிக்கிறேன்.

இது எங்கள் நாடகக் கலைஞர் சங்கத்துக்குப் போட்டி என்று சிலர் சொல்லக்கூடும். நாங்கள் ஒன்பது பேரும் சங்க உறுப்பினர்கள், சந்தாவும் கட்டுகிறோம். ஏஜண்டுகள் கொண்டுவரும் நாடகங்களுக்கும் முன்போலவே போகிறோம்.

எங்களால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொதுவாகத் திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. எங்கள் வள்ளி திருமணம் நாடகம் தொடங்கும் நேரமே அதுதான். அனுமதிக்கு அலைந்து சலித்த ஊர்க்காரர்கள் நாடகத்துக்குப் பதில் ஆடல் பாடல் நிகழ்ச்சியை வைத்து மாலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். விடிய விடிய நடக்க வேண்டிய கலைக்கு விதிகளில் ஒரு வழி செய்யாதது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே இப்போது தை மாதமே, நோட்டீசு அச்சுக்குப் போகும் முன், எங்களில் இருவர் ஊர் ஊராகப் போய் விழாக் குழுவினரைப் பார்த்து, அனுமதி மனுவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.